புயல் நாட்டில் முருங்கை: மொரீசியஸ் வீட்டுத்தோட்டத்துக்கு முழு வழிகாட்டி

போர்ட் லூயிஸ் சந்தையில் 'ப்ரேட் முரும்' என்று கூவி விற்கும் கீரை நம் முருங்கைக் கீரைதான். காய்க்குப் பெயர் 'பாத்தோன் முரும்'. அடுத்த தீவான ரெயூனியனில் இன்னும் கொஞ்சம் கெட்டியாக 'முருங்க்' என்றே சொல்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பாண்டிச்சேரியிலிருந்து வந்த கைவினைஞர்களும், 1834 முதல் கப்பல் கப்பலாக வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் பேசிய தமிழ் இப்படிக் கிரியோலில் கலந்து இன்றைக்கும் சந்தையில் கேட்கிறது.

வேலியோரம் ஒரு கிளையை ஊன்றினால் தானாக வளரும் மரம் என்று முருங்கைக்குப் பெயர். தமிழ்நாட்டின் காய்ந்த செம்மண்ணில் அது சரி. இந்தத் தீவில் அப்படி ஊன்றிய மரங்களில் பாதி, நாலைந்து வருஷத்துக்குள் ஏதாவது ஒரு பிப்ரவரியில் வேரோடு சாய்கிறது. மீதியில் சில, மழைக்காலம் முடிந்ததும் காரணம் தெரியாமல் பட்டுப்போகிறது. காரணம் தெரியாதது ஒன்றுமில்லை. முருங்கைக்கு இங்கே இரண்டே எதிரிகள்: வேரில் தேங்கும் தண்ணீர், தலையில் அடிக்கும் காற்று. ஆணிவேர் ஆழமாக இறங்க வேண்டும், மரம் ஆள் உயரத்தைத் தாண்டக் கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டுக்காகத்தான்.

எந்த ஊர், வீட்டின் எந்தப் பக்கம்

முருங்கையின் தாயகம் வடமேற்கு இந்தியாவின் இமயமலை அடிவாரம். 25 முதல் 35 டிகிரி வெப்பத்தில் துள்ளி வளரும். 20-க்குக் கீழே போனால் சோம்பிவிடும். ஆகவே ஃபிளிக்-அன்-ஃபிளாக், அல்பியோன், ரிவியேர் நுவார், போர்ட் லூயிஸ், கிரான் பே, குட்லன்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு யோகம். மேற்குக் கரையில் வருஷ மழை 1,000 மில்லிமீட்டரைத் தொடுவதே பெரிது. முருங்கைக்கு அது தாராளம். கூர்பீப், வாக்குவா போன்ற மேட்டு ஊர்களில் மழையும் மூட்டமும் அதிகம், குளிர்கால இரவில் 14 டிகிரி வரை இறங்கும். அங்கே மரம் சாகாது, கீரையும் கிடைக்கும். காயை எதிர்பார்த்து நட்டால் ஏமாற்றம்தான். மேட்டு ஊர்க்காரர்கள் கீரை வேலியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

திசை விஷயத்தில் தமிழ்நாட்டுக் கணக்கை அப்படியே கொண்டுவரக் கூடாது. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். மே முதல் ஆகஸ்ட் வரை சூரியன் வடக்கே சாய்ந்து போகும், வீட்டின் தென்புறம் நிழலில் கிடக்கும். போதாததற்கு வருஷம் முழுக்க அடிக்கும் காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வீட்டுக்கு வடக்கு அல்லது வடமேற்கு மூலைதான் முருங்கைக்கு இடம்: குளிர்காலத்திலும் ஆறு மணி நேரம் வெயில், தினசரிக் காற்றுக்கு வீடே மறைப்பு.

சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி நடுங்கள். மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். கழிவுநீர் ஊறும் குழிக்குப் பக்கத்திலும் வேண்டாம். அந்த ஈரத்தில் செடி ஆறு மாதம் செழிப்பாக இருக்கும், பிறகு வேர் அழுகும்.

குழிச் சோதனை

இதைச் செய்யாமல் விதையைத் தொடாதீர்கள். முழ ஆழத்துக்கு, அதாவது 45 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் ஒரு குழி தோண்டி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். வற்றியதும் இன்னொரு முறை ஊற்றுங்கள். இரண்டாவது தண்ணீர் மூன்று நான்கு மணி நேரத்தில் வடிந்தால் அந்த இடத்திலேயே நடலாம். மறுநாள் காலையிலும் அடியில் நின்றால் அது முருங்கைக்கான மண் இல்லை, மேடு கட்ட வேண்டும்.

மேடு கட்டுவதற்கு நம் தீவில் சாமானுக்குப் பஞ்சமில்லை. கரும்புத் தோட்டங்களில் மலைபோல் குவித்து வைத்திருக்கும் அதே கருங்கல், வீட்டு மனையைத் தோண்டினாலும் வரும். ஒரு மீட்டர் குறுக்களவில் வட்டமாக, சாந்து பூசாமல், 50 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கல் அடுக்குங்கள். உள்ளே தோட்டமண் இரண்டு பங்கு, கல் நொறுக்கிய மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். கடற்கரை மணல் எடுப்பது தடை. எடுக்க முடிந்தாலும் அதன் உப்பு செடிக்கு ஆகாது. வட்டத்துக்கு அடியில் இருக்கும் பழைய மண்ணைக் கடப்பாரையால் இரண்டடிக்குக் குத்திப் பொலபொலப்பாக்க மறந்தால் ஆணிவேர் அங்கே முட்டி வளைந்துவிடும், மேடு கட்டியதே வீண்.

குழியின் அடியில் கெட்டியான பாறை தட்டினால் வேறு இடம் பாருங்கள். உடைந்த கற்கள் கலந்த மண் என்றால் கவலை வேண்டாம், வேர் சந்து கண்டு இறங்கும். அந்த மாதிரி மண் தண்ணீரையும் வடித்துவிடும்.

விதையா, போத்தா

இங்கே பெரும்பாலான வீடுகளில் போத்துதான் நடுகிறார்கள். பக்கத்து வீட்டு மரத்திலிருந்து ஒரு கிளை, அதே ருசியான காய், எட்டு பத்து மாதத்தில் பூ. வசதிதான். ஆனால் போத்திலிருந்து வரும் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. பக்கவேர்கள் மேலாகவே பரவும். மழை ஊறி மண் இளகிய நேரத்தில் காற்று அடித்தால் மரம் தட்டைப் போல வேரோடு கவிழும். விதையை நின்ற இடத்திலேயே ஊன்றினால் கிழங்கு மாதிரி தடித்த ஆணிவேர் நேராகக் கீழே போகும். கிளை முறிந்தாலும் அடி நிற்கும், அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். புயல் வராத நாட்டில் இரண்டும் சமம் என்று சொல்லலாம். இங்கே விதைதான்.

பையில் நாற்று வளர்த்து நடுவது இரண்டுக்கும் நடுவே. பையின் அடியில் ஆணிவேர் முட்டிச் சுருண்டுவிட்டால் பிறகு நிமிராது. நாற்றுதான் வாங்க முடியும் என்றால் ஒரு மாதத்துக்கு மேல் வயதானதை வாங்காதீர்கள். முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து 'செழிப்பாக' இருக்கும் நாற்றுதான் மோசமான நாற்று.

ரகம் பற்றிக் கொஞ்சம். தமிழ்நாட்டில் இன்று பரவலாக இருக்கும் பி.கே.எம்.1 செடிமுருங்கை, எப்போதும்வென்றான் ஊர்ப்பக்கத்து ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்து, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்டது. விதைத்த ஆறு ஏழு மாதத்தில் காய், காயின் நீளம் 65 முதல் 70 சென்டிமீட்டர், குட்டையாக வைக்கத் தோதான மரம். பி.கே.எம்.2-இன் காய் ஒரு மீட்டரைத் தாண்டும். அவ்வளவு நீளக் காய் காற்றில் ஆடி உதிரும், சந்தைக்கு விற்பவர் தவிர யாருக்கும் தேவையில்லை. ஊருக்குப் போனவர் பெட்டியில் விதைப் பொட்டலம் போட்டு எடுத்துவரும் பழக்கம் ஒன்று இருக்கிறது. வேண்டாம். விதைக்கும் இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். ரெதுயீவில் இருக்கும் பயிர்ப் பாதுகாப்பு அலுவலகம் அதைக் கொடுக்கிறது. அந்த அலைச்சலுக்கு, நல்ல காய் காய்க்கும் உள்ளூர் மரத்தில் முற்றவிட்ட இரண்டு காய் கேட்டு வாங்கினாலே போதும். அதன் விதையில் தாய்மரத்தின் குணம் அச்சாக வராது, அதனால் ஐந்தாறு ஊன்றி நல்லதை நிறுத்துங்கள்.

போத்துதான் என்று முடிவு செய்தவர்களுக்கு: ஏற்கனவே காய்த்த கிளையில் ஒரு மீட்டர் நீளம், குறைந்தது மணிக்கட்டுப் பருமன். வெட்டியதை நிழலில் நாலைந்து நாள் சாய்த்துவைத்து வெட்டுவாய் காய்ந்தபின், மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக ஊன்றுங்கள். வெட்டிய அன்றே ஈரமண்ணில் ஊன்றினால் அடி அழுகுவது நிச்சயம். மேல் வெட்டைச் சாய்வாக வைத்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் சாணியோ களிமண்ணோ அப்புங்கள். முதல் இரண்டு புயல் பருவத்துக்கு மூன்று பக்கம் முட்டு கொடுங்கள்.

விதைப்பு: செப்டம்பர் கடைசி, அக்டோபர்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது அங்கே. இங்கே குளிர் விலகி மண் சூடாகும் செப்டம்பர் கடைசி வாரம் தொடங்கி அக்டோபர் முடியும் வரை நல்ல பட்டம். அப்போது விதைத்தால் பெருமழை வரும் ஜனவரிக்குள் வேர் இறங்கி, தண்டு விரல் பருமனாகிவிடும். டிசம்பரில் விதைத்தால் முளை அழுகும். ஏப்ரலில் விதைத்தால் செடி குளிரில் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

காய் மரத்துக்கு 2.5 மீட்டர் இடைவெளி. பத்து பேர்ச் மனை, அதாவது சுமார் 422 சதுர மீட்டர் உள்ள வீட்டில், கட்டடம் போக மிஞ்சும் இடத்துக்கு இரண்டு காய் மரமும் மூன்று மீட்டர் நீளக் கீரை வேலியும் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

குழிக்குப் பத்து கிலோ மக்கிய தொழுவுரம் அல்லது ஆட்டு எரு. கோழி எரு என்றால் மூன்று கிலோவே அதிகம், அதுவும் மூன்று மாதம் மக்கியிருக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் சூட்டில் வேர் கருகும். சர்க்கரை ஆலையிலிருந்து கிடைக்கும் கழிவுச் சேறு, இங்கே 'எக்யூம்' என்பார்கள், நன்கு மக்கியது கிடைத்தால் ஒரு வாளி சேர்க்கலாம். மேட்டு ஊர்களில் மண் புளிப்பு அதிகம். இரண்டு கைப்பிடி விவசாயச் சுண்ணாம்பைப் பதினைந்து நாள் முன்பே கலந்து வைத்துவிடுங்கள்.

விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, குழிக்கு இரண்டு வீதம், ஒரு சாண் தள்ளி, 2.5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். அதைவிட ஆழம் போனால் முளை மேலே வருவதற்குள் களைத்துவிடும். ஒரு வாரம் முதல் பன்னிரண்டு நாளில் முளைக்கும். பதினைந்து நாளாகியும் வராவிட்டால் விதை பழையது. ஒரு வருஷம் தாண்டிய விதையின் முளைப்பு வேகமாகச் சரியும். நாலு இலை வந்ததும் வலுவானதை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்பதன் வேரும் அசையும்.

இந்தக் கட்டத்தில் எதிரி நத்தை. பெரிய ஆப்பிரிக்க நத்தை ஒன்று ஒரே இரவில் ஐந்து முளையைத் தின்றுவிடும். இரவு எட்டு மணிக்கு டார்ச் எடுத்துப் பார்த்து, கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீரில் போடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், நோய்க்கிருமி சுமக்கும் பிராணி. முளையைச் சுற்றி அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை வளையமாகப் புதைத்தாலும் பாதி தொல்லை போகும். ரிவியேர் நுவார் காட்டோரத்தில் இருப்பவர்களுக்கு மானும் குரங்கும் கூடுதல் சீதனம், கம்பிவலை இல்லாமல் நடுவது வீண்.

அக்டோபர்தான் தீவில் மழை குறைந்த மாதம், தண்ணீர்க் கட்டுப்பாடும் பல வருஷங்களில் அந்தச் சமயத்தில்தான் வரும். முதல் மாதம் இரண்டு நாளைக்கு ஒருமுறை செடிக்கு மூன்று லிட்டர் போதும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரே சரியாக இருக்கும். இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை பத்து லிட்டர். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வேர் மேலேயே சுற்றும். இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றினால் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். அரைத்த கரும்புச் சக்கை மூடாக்குக்கு அருமை. தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள்.

நுனி கிள்ளுதல்

செடி 75 சென்டிமீட்டர் வந்ததும், ஏறக்குறைய இரண்டாம் மாதத்தில், நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, கிள்ளத்தான் வேண்டும். விட்டால் தென்னம்பிள்ளை மாதிரி ஒற்றையாக நாலு மீட்டர் போய், உச்சியில் மட்டும் இலையும் பூவும் வைக்கும். கிள்ளினால் பக்கத்தில் ஆறேழு கிளை வரும். அவை முழம் வளர்ந்ததும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். எல்லாப் பக்கமும் சமமாக நாலு கிளை நிறுத்தி மற்றதைக் கழித்துவிடுங்கள். ஒரே பக்கம் கனத்த மரத்தைக் காற்று முறுக்கிப் பிளக்கும்.

மூன்றாம் மாதம் உரம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 13:13:20:2 கலவையில் (தழை, மணி, சாம்பல் சத்துகளும் கொஞ்சம் மெக்னீசியமும் சேர்ந்தது) 150 கிராமை, தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகக் கீறித் தூவி மண்ணால் மூடுங்கள். ஆறாம் மாதம் இன்னொரு தடவை. எருவே போதும் என்பவர்கள் அதே சமயத்தில் ஐந்து கிலோ வீதம் போடலாம். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கருகருவென்று வரும், பூ வராது, தண்டும் சதைப்பற்றாகி எளிதில் ஒடியும்.

கீரை வேலி

காயை விடக் கீரைதான் இந்த நாட்டுச் சமையலறைக்கு அன்றாடம் தேவை. அதற்கென்று தனி வரிசை வைத்தால் காய் மரத்தை மொட்டையடிக்க வேண்டியதில்லை. 50 சென்டிமீட்டருக்கு ஒரு விதை, மூன்று மீட்டர் வேலிக்கு ஏழு செடி. ஒரு மீட்டர் உயரம் வந்ததும் 60 சென்டிமீட்டரில் வெட்டுங்கள். அடுத்தடுத்த வெட்டுகள் முந்தைய வெட்டுக்கு விரற்கடை மேலே. கோடையில் நாற்பது நாளுக்கு ஒரு வெட்டு வரும். ஜூலை, ஆகஸ்டில் இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் செடிக்கு ஒரு கைப்பிடி மக்கிய கோழி எரு. இலையை உருவிக்கொண்டே இருந்து எருவே போடாத வேலி இரண்டாம் வருஷம் மஞ்சளடித்துச் சிறுத்துவிடும், அதில் வியக்க ஒன்றுமில்லை.

கிளையோடு வெட்டுங்கள். இலைக்காம்பை மட்டும் கீழ்நோக்கி இழுத்து உருவினால் பட்டை உரிந்து, அந்தப் புண்ணில் பூசணம் ஏறும்.

பூவும் காயும்

பூ வந்தபின் தண்ணீர்தான் தலைவலி. அதிகமானாலும் பூ கொட்டும், அடியோடு காய்ந்தாலும் கொட்டும். மழையில்லாத வாரத்தில் ஒரே ஒரு தடவை பதினைந்து லிட்டர், அவ்வளவுதான். தேனீ, வண்டு வந்தால்தான் காய் பிடிக்கும். பூக்காலத்தில் பூச்சிமருந்து அடித்துவிட்டு காய் பிடிக்கவில்லை என்று மரத்தைக் குறை சொல்லக் கூடாது.

சமையல் காயைப் பதம் பார்ப்பது எளிது. முறித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், நார் இழுக்கக் கூடாது. மேல்தோல் வழியே விதை புடைத்துத் தெரிந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். கையால் இழுத்துப் பறித்தால் காயோடு அடுத்த பூக்கொத்தும் போகும், கத்தரிக்கோல் வையுங்கள். தமிழ்நாட்டில் நல்ல பராமரிப்பில் பி.கே.எம்.1 மரத்துக்கு வருஷம் 220 காய் வரை கணக்கு சொல்வார்கள். புயலுக்காக நாம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வதால் ஒரு பருவக் காயை விட்டுக்கொடுக்கிறோம், அந்தக் கணக்கை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

நவம்பர் கவாத்தும் புயலும்

முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். இரண்டாவது பாதியைக் காலம் தள்ளிவிட்டது, முதல் பாதி அப்படியே நிற்கிறது. முருங்கைக் கட்டை நுரை மாதிரி. கிளை வளையாது, ஒடியும். ஒடியும்போது அடித்தண்டையும் கிழித்துக்கொண்டு போகும். 1960-இன் கரோல், 1975-இன் ழெர்வேஸ், 1994-இன் ஹொலாண்டா, 2002-இன் தினா, 2024 ஜனவரியின் பெலால் ஆகிய புயல்கள் எல்லாம் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான பருவத்தில் வந்தவை. அதனால் காலண்டர் இப்படி:

நவம்பர் முதல் பதினைந்து நாளுக்குள், ஒரு வருஷம் கடந்த மரத்தைத் தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் வெட்டுங்கள். ரம்பம் மட்டும். கரும்பு வெட்டும் கத்தியால் ஓங்கி வெட்டினால் கட்டை நசுங்கிக் கீறிவிடும். வெட்டு சாய்வாக இருக்கட்டும்; நடுத்தண்டு பஞ்சு போன்றது, தட்டையாக வெட்டினால் அதில் தண்ணீர் தங்கி உள்ளே அழுகிக்கொண்டே அடிவரை போகும். வெட்டுவாயில் போர்டோக் கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூசணக்கொல்லி) அல்லது மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்த பசை. அன்றைக்கே மரத்துக்குப் பத்து கிலோ எரு.

துளிர் கூட்டமாக வரும். நல்ல இடத்தில் வந்த நாலை மட்டும் விடுங்கள். டிசம்பர் கடைசியில் அவை ஆள் உயரம் போயிருக்கும், முழங்கை நீளத்துக்குக் குறைத்துக் கிள்ளுங்கள். அந்தக் கீரை பொங்கல் வரைக்கும் காணும்.

புயல் எச்சரிக்கை முதல் வகுப்பு அறிவித்ததும் மரத்தைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் எதையும் அன்றே வெட்டிவிடுங்கள். மூன்றாம் வகுப்பு வந்தால் 120 கிலோமீட்டர் வேகக் காற்றுக்குப் பகல் வெளிச்சத்தில் ஆறு மணி நேரமே மிச்சம். அப்போது தண்ணீரும் மெழுகுவர்த்தியும் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். வெட்டிய கிளைகளை முற்றத்தில் போட்டு வைக்காதீர்கள், காற்றில் பறந்து கண்ணாடியை உடைக்கும்.

புயல் போன பிறகு முதல் வேலை வடிகால். மரத்தடியில் தேங்கிய தண்ணீரை அன்றே வாய்க்கால் வெட்டி வடியுங்கள். இரண்டு மூன்று நாள் நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகும், இலை அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் வாடும். சாய்ந்த மரத்தை மண் ஈரமாக இருக்கும்போதே நிமிர்த்தி, மிதித்து இறுக்கி, முட்டு கொடுங்கள். ஒரு வாரம் கழித்து நிமிர்த்தினால் புதிதாக விட்ட வேர் அறுபடும். கிழிந்த கிளையைக் கிழிசலுக்குக் கீழே நல்ல கட்டை தெரியும் இடத்தில் வெட்டுங்கள். கரையோர வீடுகளில் இலையெல்லாம் ஒரு பக்கமாகக் கருகியிருந்தால் அது கடல் உப்பு. நல்ல தண்ணீரால் செடியைக் கழுவிவிட்டால் புதுத்துளிர் வரும். புயல் முடிந்த வாரத்தில் உரம் போடாதீர்கள், அடிபட்ட வேர் அதை எடுக்காது.

இப்படி வெட்டிய மரம் மார்ச், ஏப்ரல் வாக்கில் பூக்கத் தொடங்கும், குளிர்காலத்தில் காய் கொடுக்கும். காற்று ஓய்ந்த பருவத்தில் காய் சுமப்பதுதான் நமக்கு வேண்டியது.

என்ன கெடுகிறது, ஏன்

முழு மரமும் ஒரே சமயத்தில் மஞ்சளாகி, தண்டடியை அழுத்தினால் மெத்தென்று இருந்தால் வேர் அழுகல். மருந்து தேடி ஓடாதீர்கள், காப்பாற்ற முடியாது. நல்ல கிளை இருந்தால் போத்துக்கு எடுத்துக்கொண்டு மரத்தை அகற்றுங்கள். அதே குழியில் மறுபடி முருங்கை வேண்டாம். கீழ் இலை மட்டும் மஞ்சளானால் பசி அல்லது குளிர். ஜூலையில் கொஞ்சம் இலை கொட்டுவது இயல்பு.

துளிர் சுருண்டு பிசுபிசுப்பாக, எறும்பு ஏறிக்கொண்டிருந்தால் அசுவினி. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போகும். மிச்சத்துக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள், ஐந்து நாள் கழித்துக் கீரை பறிக்கலாம். அக்டோபர் வறட்சியில் இலை வெளிறிப் பொடிப்புள்ளி விழுந்தால் செஞ்சிலந்தி. அதற்கும் இதே வைத்தியம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. இலையைச் சல்லடையாக்கும் புழுவுக்குக் கிளையோடு வெட்டி அழிப்பதே விரைவான வழி, எப்படியும் துளிர்க்கத்தானே போகிறது. தண்டிலிருந்து பழுப்புப் பிசின் வடிந்தால் அங்கே ஒரு புண் இருக்கிறது: துளைத்த பூச்சியோ, கத்தி பட்ட காயமோ. சுரண்டிச் சுத்தம் செய்து போர்டோக் கலவை பூசுங்கள்.

அடுப்பிலும் பாட்டிலிலும்

நூறு கிராம் பச்சை இலையில் ஆறு கிராம் புரதமும் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் உண்டு. கீரைக்கு இது மிக நல்ல கணக்கு. பாலைவிட இத்தனை மடங்கு, ஆரஞ்சைவிட அத்தனை மடங்கு என்று டப்பாவில் அச்சடித்திருப்பது காய்ந்த பொடியை ஈரப் பழத்தோடு ஒப்பிடும் வித்தை, அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

'பூயோன் ப்ரேட்' என்னும் கீரை சூப் வைக்கும்போது தண்ணீர் கொதித்த பின்பே இலையைப் போட்டு, மூடாமல் நாலு நிமிஷம். மூடி வேகவைத்தால் நிறம் கெட்டுக் கசப்புத் தலைதூக்கும். காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, பன்னிரண்டு நிமிஷம் வேகவிட்டபின் புளியோ தக்காளியோ சேருங்கள். முதலிலேயே புளி விட்டால் சதை இறுகி வேகாது.

பொடி செய்ய: காலையில் வெட்டி, கழுவி, உலர்த்தி, காம்பு நீக்கி, நிழலில் வலைமேல் ஒரு விரல் தடிமனுக்குப் பரப்புங்கள். காற்றோட்டம் இருந்தால் மூன்று நாளில் நொறுங்கும். வெயிலில் போட்டால் பச்சை நிறமும் வைட்டமினும் போகும். ஈரப்பதம் மிகுந்த ஜனவரி, பிப்ரவரியில் இந்த வேலையே வேண்டாம், பூசணம் பிடிக்கும். மே முதல் அக்டோபர் வரை வைத்துக்கொள்ளுங்கள். இலையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால், ஒரு கூடை கீரை ஒரு சின்ன ஜாடிக்குள் அடங்கிவிடும். இருட்டில் காற்றுப் புகாமல் ஆறு மாதம்.

சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் 'ப்ரேட் முரும்' என்று இங்கே வீட்டுக்கு வீடு சொல்வார்கள். குழம்பில், சூப்பில் சாப்பிடும் கீரைக்கு யோசிக்க வேண்டியதில்லை. பொடியைக் கரண்டி கரண்டியாகத் தினமும் குடிப்பவர் ஏற்கனவே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்க மருந்தோ எடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுவது பைத்தியக்காரத்தனம். வேரையும் வேர்ப்பட்டையையும் யாரும் உண்ணக் கூடாது, நச்சுப்பொருள் உண்டு; கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

விதை சேர்த்தல்

மரத்துக்கு மூன்று நாலு காயை, நடுக்கிளையில் நேராக நீண்டு தொங்குபவையாகப் பார்த்து, நூல் கட்டி அடையாளம் வைத்து விட்டுவிடுங்கள். பழுப்பாகிக் காய்ந்து, வெடிக்கப் போகும் தறுவாயில் அறுங்கள். வெடித்த பின் மழை பட்டால் விதை கறுத்துவிடும். சிறகோடு இருக்கும் விதையை இரண்டு நாள் நிழலில் காயவைத்து, சொத்தையும் லேசானதும் ஊதித் தள்ளி, காகித உறையில் மாதமும் வருஷமும் எழுதி, மூடிய டப்பாவில் அரிசி ஒரு கைப்பிடியோடு வையுங்கள். ஜூலையில் எடுத்த விதை செப்டம்பர் விதைப்புக்குப் புதுசாக இருக்கும். இப்படி வருஷாவருஷம் வெட்டும் மரம் மூன்று நாலு கவாத்துக்குப் பிறகு தளரும், காய் சிறுக்கும். மூன்றாம் வருஷ செப்டம்பரிலேயே பக்கத்தில் இன்னொரு குழி போட்டு இரண்டு விதை ஊன்றிவிடுங்கள். பழையதை எடுக்கும் நவம்பரில் புதியது இடுப்பளவுக்கு வந்திருக்கும்.